ரெண்டு வீட்டு வக்கீல்

போன வாரம் ஆர்.கே.பேட்டையில் அத்தை வீட்டு விருந்தை ஒரு பிடி பிடித்துவிட்டு மெட்ராஸுக்குத் திரும்பிப் போனானே இளங்கோவன், அவன் இன்றைக்கு, சனிக்கிழமை காலையில், திருத்தணி ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருக்கிறான். கையில் ஒரு ரெக்ஸின் பை. மனசில் ஒரு கவலையும் கிடையாது. நடக்கட்டும், பாவம். வீட்டு வாசல் வரைக்கும்தான் அந்த நடை.

நடுவில் வந்து சேர்ந்துகொண்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இளங்கோவன் பி.எல். இரண்டாம் வருஷம். அவனுடைய அக்கா பத்மாவைத் தையில் அத்தை பாஞ்சாலியின் மகன் சாமிநாதனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். தலை ஆடிக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஆடி முடிந்தது, ஆவணியும் முடிந்தது, புரட்டாசியும் பாதி ஓடிவிட்டது. பத்மா இன்னும் இங்கேதான் இருக்கிறாள்.

புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு சண்டையும் இல்லை. சண்டை போடுவது இளங்கோவனின் நைனா வீராசாமியும் அத்தை பாஞ்சாலியும், அதாவது தம்பியும் கூடப்பிறந்த அக்காவும்.

"பொண்ணக் கட்டிக் குடுத்த அப்புறம் அக்கா இல்ல, சம்பந்தி," என்பது வீராசாமியின் கட்சி. "சம்பந்தின்னா தாம்பாளத்துல வெத்தல பாக்கு வச்சிகினு வந்து கூப்பிடணும். அப்பத்தான் அனுப்புவேன்."

"நான் பொறந்து வளந்த வூட்டுக்கு நான் இன்னாத்துக்குத் தட்டு தூக்கிகினு போவணும்?" என்பது பாஞ்சாலியின் கட்சி. "தம்பிக்காரன் மரியாதையா அவளக் கொண்டாந்து வுடட்டும்."

ஒரு தாம்பாளத்தில்தான் ஒரு பெண்ணின் வாழ்க்கை மாட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் வந்து சேர்ந்தார் நம் வருங்கால வக்கீல்.

சட்டக் கல்லூரியில் இரண்டு வருஷத்தில் ஒரு பையன் என்னதான் கற்றுக்கொள்கிறான் என்று கேட்டால், நிறையத்தான் கற்றுக்கொள்கிறான். நிமிர்ந்து நின்று பேசக் கற்கிறான். எதிராளி வைதாலும் கோபப்படாமல் இருக்கக் கற்கிறான். சொன்னதில் எது தேவை, எது வெறும் புலம்பல் என்று பிரிக்கக் கற்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் கட்சியையும் தன் கட்சியாக நினைத்துப் பேசக் கற்கிறான். போன மாதம் கல்லூரியில் மாதிரி கோர்ட்டு நடத்தினார்கள். காலையில் வாதிக்காகப் பேசி ஜெயித்தான் இளங்கோவன். மதியம் அதே வழக்கில் பிரதிவாதிக்காகப் பேசி அதையும் ஜெயித்தான். புரொபசர் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு இன்னும் முதுகிலேயே இருந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் சொந்தக்காரர்களாக இருந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் பாடத்தில் வைக்கவில்லை.

வீட்டு வாசலில் அவன் காலை வைத்தபோதே வித்தியாசம் தெரிந்தது. நைனாவின் தறி ஓடவில்லை. சனிக்கிழமை காலையில் தறியை நிறுத்துகிற ஆள் இல்லை அவர். வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, கூடத்து பெஞ்சில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"வாடா. நல்ல நேரத்துக்கு வந்த," என்றார். "பல்லு வெளக்கிட்டு காபி குடி. இன்னிக்கு வேல இருக்குது உனக்கு."

காபி டம்ளரோடு கொல்லைப்புறம் போனான். துவைக்கிற கல்லில் பத்மா உட்கார்ந்திருந்தாள். கூறைப்புடவை கட்டியிருந்தாள். பக்கத்தில் ஒரு துணிப்பை தயாராக இருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை ஆடிக்குப் பிறகு அவன் பார்த்ததே இல்லை.

"பாவா வராருடா," என்றாள் மெதுவாக. அக்கா, தம்பி இரண்டு பேருக்குமே சாமிநாதன் பாவாதான்.

"யார் சொன்னா?"

"பேட்டையிலர்ந்து தறிக்குப் பாவு நூல் வாங்க வந்தாங்களே, அவங்க சொல்லி அனுப்பிச்சாங்க. அத்தையும் வராங்களாம். கூட நாலு பேராம், ஜாதிப் பஞ்சாயத்து பேசற பங்காரு மாமாவும் அதுல ஒருத்தராம். எனக்குப் புரியல தம்பி. பொண்டாட்டியக் கூப்பிட வர நாலு பேரு இன்னாத்துக்கு?"

இளங்கோவன் டம்ளரை வாயிலிருந்து இறக்கினான். அந்த நாலு பேர் எதற்கு என்று இந்த உலகத்திலேயே மிக நன்றாகத் தெரிந்தவன் அவன்தான்.

போன வாரம் சமாதானம் பேசத்தான் அத்தை வீட்டுக்குப் போனான். நம்புங்கள், எண்ணம் நல்ல எண்ணம்தான். அத்தை கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். பாவா பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினார். "லாயரு, லாயரு" என்று தெருவே கூப்பிட்டது. சாப்பாட்டுக்கு மேலே வெற்றிலை போட்டுக்கொண்டு பாவா கேட்டார்: "சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லு மச்சான். நீ எங்க பக்கத்து வக்கீலா இருந்தா இன்னா செய்வ?"

சும்மா ஒரு பேச்சுக்குத்தான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் முதுகில் புரொபசர் தட்டின இடம் குறுகுறுத்தது. சொன்னான். "நாலு பேர சாட்சிக்கு வச்சிகினு போங்க பாவா. வாசல்ல நின்னு, பேரு சொல்லி, எல்லார் காதுலயும் வுழற மாதிரி மூணு தரம் கூப்பிடுங்க. வந்தா சரி. பதிலே இல்லேன்னா, காரணமில்லாம புருஷன வுட்டுட்டான்னு தப்பு அவ மேல ஆயிடும். கோர்ட்டுலயும் நிக்கும், ஜாதிக்காரங்ககிட்டயும் நிக்கும்." நைனாவிடம் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டுதான் கிளம்பினான்.

அது அந்த வீட்டுக்குக் கொடுத்த மருந்து. இந்த வீட்டுக்குக் கொடுத்த மருந்து அதற்கு ஒரு வாரம் முன்னால். இதே கொல்லையில், இதே அக்காவிடம் சொல்லியிருந்தான்: "யார் வந்து இன்னா கேட்டாலும் நீ வாயத் தொறக்காத அக்கா. ஊம்னு கூடச் சொல்லாத. நீ பேசினா ஒண்ணு நைனாவுக்கு எதிராப் போவும், இல்ல உன் புருஷன் வூட்டுக்கு எதிராப் போவும். பேசாம இருந்தா உன்ன யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நல்ல யோசனை. இரண்டையும் ஒரே வாசலில் வைத்தால்? பாவா மூன்று தரம் கூப்பிடுவார். அக்கா வாய் திறக்க மாட்டாள். நாலு பேர் சாட்சி சொல்லுவார்கள். கதை முடிந்துவிடும்.

"இன்னாடா, முகம் இப்பிடிப் போச்சு?" என்றாள் பத்மா.

அப்போதே அவளிடம் சொல்லியிருக்கலாம். 'பாவா கூப்பிட்டா உடனே வரேன்னு சொல்லிடு' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் ஏன் என்று கேட்பாள். நாலு பேர் விஷயம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். பாவாவை வழியிலேயே பிடித்து நிறுத்திவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாமல் போய்விடும் என்று கணக்குப் போட்டது அவன் புத்தி. டம்ளரைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் பின்பக்கமாகவே ஓடினான்.

புரட்டாசி சனிக்கிழமை. திருப்பதி போகிற பஸ்ஸெல்லாம் பிதுங்கி வழிந்தது. ஸ்டாண்டில் இரண்டு சுற்றுச் சுற்றியும் அவர்களைக் காணவில்லை. மலையடிவாரத்துக்குப் போய்ப் பார்த்தான். சரவணப் பொய்கைப் படியில் சாமிநாதன் கால் கழுவிக்கொண்டிருந்தான். நாலு பெரியவர்கள் பூக்கடை நிழலில் நின்றிருந்தார்கள்.

"வா மச்சான்," என்றான் சாமிநாதன், முகம் மலர்ந்து. "நீ சொன்ன மாதிரியே நாலு பேர இட்டாந்துட்டேன்."

"பாவா, அவங்களத் திருப்பி அனுப்பிடுங்க. நீங்க மட்டும் வாங்க. உள்ள வந்து அக்காவக் கைப்புடிச்சுக் கூட்டிகினு போயிடுங்க."

"தனியாப் போனா மதிப்பு இல்லன்னு நீதானே சொன்ன? நாளைக்கு நான் கூப்பிடவே வரலன்னு உங்க நைனா சொல்லிட்டா இன்னா பண்ணுவேன்?"

"அது கோர்ட்டுக்கு பாவா. இது வூடு."

"வூட்டுல ஆரம்பிக்கறதுதானே கோர்ட்டுக்குப் போவுதுன்னும் சொன்ன."

என்ன சொன்னாலும் அவன் சொன்னதையே எடுத்து அவன் மேலேயே போட்டான் சாமிநாதன். இப்படி ஒரு சீடன் கிடைத்தால் எந்த வாத்தியாருக்கும் பெருமையாக இருக்கும்.

"அவ வந்துடுவா மச்சான்," என்றான் சாமிநாதன் தணிந்த குரலில். "நான் கூப்பிட்டு வராம இருப்பாளா? மூணு தரம் எதுக்கு, ஒரு தரம் போதும். அம்மா மனசுக்காகத்தான் இவ்ளோ ஏற்பாடும். வரலேன்னாதான் வம்பு. பள்ளிப்பட்டுல ஒரு பொண்ணப் பாத்து வச்சிகினு இருக்காங்க அம்மா. இன்னியோட இத முடிச்சிடணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க."

வெட்டிப் போட்டாலும் இளங்கோவனுக்கு ரத்தம் வந்திருக்காது. அவள் பேச மாட்டாள் என்று இவரிடம் எப்படிச் சொல்வது? ஏன் பேச மாட்டாள் என்று கேட்டால் நான்தான் பேசாதே என்றேன் என்று சொல்ல வேண்டும். அங்கே வாயை மூடச் சொன்னதும் நான், இங்கே கூப்பிடச் சொன்னதும் நான். அதற்குள் தேங்காய் மூடியும் குங்குமமுமாக அத்தை வந்துவிட்டாள்.

"இன்னா லாயரு, எங்கள வரவேற்க வந்தியா?" என்று அவன் தோளில் தட்டினாள். குரலைத் தாழ்த்தி, "பயப்படாத. உங்க நைனாகிட்ட மூச்சு வுட மாட்டேன். நீ எங்க புள்ளடா," என்றாள்.

அந்த ஒரு தட்டில் புரொபசர் தட்டினதெல்லாம் மறந்து போயிற்று.

அவர்களுக்கு முன்னால் வீட்டுக்கு ஓடிவந்தான். நேராக அக்காவிடம் போகப் பார்த்தான். நைனா கையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்துக்கொண்டார்.

"இங்க உக்காரு. இது வக்கீல் உக்கார்ற எடம்."

"நைனா, அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்."

"நானே சொல்லிட்டேன். தணிகாசலத்தான் படத்துக்கு முன்னாடி கற்பூரத்துல சத்தியம் வாங்கிட்டேன். தம்பி பேசுன்னு சொல்ற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்னு அடிச்சிக் குடுத்துட்டா." வீராசாமி மகனின் முழங்காலைத் தட்டிக் கொடுத்தார். "எங்கக்கா தட்டோட உள்ள வந்து கூப்பிடட்டும். அப்ப நீ பேசுன்னு சொல்லு, அவ போவட்டும். அதுவரைக்கும் ஒரு பேச்சு கிடையாது. உன்ன படிக்க வச்சது வீண் போவலடா."

அம்மா கமலா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் பார்வையில் பெருமை இல்லை. "பொண்ணு வாய இப்பிடிக் கட்டிப் போடணுமா?" என்று மட்டும் கேட்டாள். நைனா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர்கள் வந்தார்கள். தெருவில் ஒவ்வொரு தறியாக நின்றது. நாடாச் சத்தம் அடங்க அடங்க, வாசலுக்கு வாசல் ஆள் கூடியது. இந்தத் தெருவில் கல்யாணத்துக்குக்கூடத் தறி இவ்வளவு சுத்தமாக நின்றதில்லை.

பாஞ்சாலி வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். கையில் தட்டு இல்லை. வீராசாமி அதைப் பார்த்தார். பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. கூடப்பிறந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பங்காரு மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "வீராசாமி, நாங்க யார் பக்கமும் இல்ல. சாமிநாதன் மூணு தரம் பொண்டாட்டியக் கூப்பிடுவான். வந்தா சந்தோஷம். பதில் இல்லேன்னா அவளுக்கு வர இஷ்டமில்லன்னு அர்த்தம். வர வெள்ளிக்கிழம மண்டபத்துல அப்பிடியேதான் சொல்லுவோம். அப்புறம் துரும்பு கிள்ளிப் போட்டு இந்தக் கல்யாணத்தத் தீத்து வுட்டுட வேண்டியதுதான்."

"கூப்பிடட்டும்," என்றார் வீராசாமி. மகன் பக்கத்தில் இருக்கிற தைரியம்.

சாமிநாதன் நேராக நின்றான். கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டான். "திருத்தணி வீராசாமி மகள் பத்மா, நான் உன் புருஷன் சாமிநாதன் கூப்பிடறேன். வீட்டுக்கு வா."

இளங்கோவன் சொல்லிக் கொடுத்த வாக்கியம். ஒரு வார்த்தை பிசகவில்லை.

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பதில் இல்லை. சாமிநாதனின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லக் குறைந்தது. ஒரு தரம் போதும் என்றவன் அவன்.

"ஒண்ணு," என்றார் பங்காரு மாமா.

"திருத்தணி வீராசாமி மகள் பத்மா..." இந்தத் தரம் குரல் கொஞ்சம் உடைந்தது. கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

"ரெண்டு."

இளங்கோவன் திரும்பிப் பார்த்தான். பாதி திறந்த கதவின் விளிம்பைப் பத்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் புருஷனைப் பார்க்கவில்லை. தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், சொல்லுடா சொல்லுடா என்று கெஞ்சுகிற பார்வை.

இந்தப் பக்கம் நைனா மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் அத்தை, சும்மா இரு என்று கண்ணாலேயே ஜாடை காட்டினாள். இரண்டு கட்சிக்கும் தங்கள் வக்கீல் மேல் முழு நம்பிக்கை. எழுந்து ஓடலாம் என்றால் வாசலை அடைத்துக்கொண்டு சாட்சிகள் நிற்கிறார்கள்.

சாமிநாதன் மூன்றாம் தரத்துக்கு வாயைத் திறந்தான்.

"அக்கா, பேசு," என்றான் இளங்கோவன்.

வீராசாமி திரும்பினார். "இன்னாடா? தட்டு எங்க? யாரும் இன்னும் உள்ளயே வரலியே."

"பேசலேன்னா அவங்க ஜெயிச்சிடுவாங்க நைனா. மூணு தரம் கூப்பிட்டு பதில் இல்லேன்னா தப்பு அக்கா மேல ஆயிடும். அதுக்குத்தான் சாட்சி."

"அது உனக்கு எப்பிடித் தெரியும்?"

எதிராளியின் கேள்வியிலிருந்து நழுவப் பல வழி படித்தவன்தான் அவன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

"நான்தான் பாவாவுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

வீராசாமி கத்துவார் என்று எதிர்பார்த்தான். கத்தவில்லை. மகனின் முழங்காலில் இருந்த கையை எடுத்துக்கொண்டார்.

"எழுந்திரு," என்றார். "என் பக்கத்துல உக்காராத."

இளங்கோவன் எழுந்தான். அத்தை வாசலிலிருந்தே கேட்டாள்: "அப்ப அவள வாய மூடிக்கச் சொன்னதும் நீதானா? எங்கூட்டுல சாப்பிட்ட கை காயறதுக்குள்ள இந்த வேலையா?"

"அதுக்கு முன்னாடியே சொன்னது அத்த," என்றான். சொன்ன பிறகுதான், அந்த பதிலால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று புரிந்தது. எந்தப் பக்கத்திலும் உட்கார இடமில்லாமல் கூடத்து நடுவில் நின்றான்.

கதவு முழுதாகத் திறந்தது. பத்மா துணிப்பையோடு வெளியே வந்தாள். பங்காரு மாமாவின் முகம் மலர்ந்தது. "வந்துட்டா பாரு. நல்லது, நல்லது," என்று இடம் விட்டு ஒதுங்கினார். கமலா ஓடிவந்து மகளின் தலையைக் கோதிவிட்டாள். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று கமலா நினைத்த மாதிரியே தெருவும் நினைத்தது, தெருக்கோடியில் இரண்டு தறி ஓடவும் ஆரம்பித்துவிட்டன.

பத்மா வாசற்படியில் நின்றாள்.

"நான் ஆடி முடிஞ்சதுலர்ந்து இதே கதவாண்டதான் நிக்கறேன் பாவா," என்றாள். அழுகை நின்றிருந்தது. "தம்பி சொன்னான்னு நான் வாய மூடிகினு இருந்தேன். நைனா சத்தியம் வாங்கினாரு, சரின்னேன். நீங்க கூப்பிட்டது காதுல வுழுந்தது. அது இவன் சொல்லிக் குடுத்த பேச்சு. இந்த நாலு பேர் காதுக்காகக் கூப்பிட்டீங்க. என்னக் கூப்பிடல."

"இன்னாடி பேசற?" என்றாள் பாஞ்சாலி.

"உங்ககிட்ட பேசல அத்த. அவருகிட்ட பேசறேன்." பத்மா புருஷன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மூணாவது தரம் பாக்கி இருக்குது இல்ல? யாரும் சொல்லிக் குடுக்காம நீங்களாக் கூப்பிடுங்க. வூட்ல என்ன எப்பிடிக் கூப்பிடுவீங்களோ அப்பிடி. இப்பவே வரேன். இல்லேன்னா இவங்க மூணுன்னு எண்ணிக்கட்டும்."

சாமிநாதன் வாயைத் திறந்தான். அம்மாவைப் பார்த்தான். பாஞ்சாலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பங்காரு மாமாவைப் பார்த்தான். அவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். கடைசியில், இப்போது என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கிற மாதிரி, பழைய பழக்கத்தில் இளங்கோவனைப் பார்த்தான்.

இளங்கோவனுக்குத் தெரியும். வீட்டில் பாவா அக்காவைக் கூப்பிடுகிற ஒரே ஒரு வார்த்தைதான். உதட்டை அசைத்தால் போதும், பாவா பார்த்து அப்படியே சொல்லிவிடுவார், அக்கா போய்விடுவாள். ஆனால் அக்கா கேட்டது சொல்லிக் கொடுத்து வருகிற வார்த்தையை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான்.

பத்மாவின் ஒரு கால் வாசற்படிக்கு உள்ளே இருந்தது, ஒரு கால் வெளியே இருந்தது. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.